தவளை பேச வேண்டிய வரி

அந்த அலுவலகத்தில் மாலையானால் எல்லோரும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி அது. தலைமையகம் ஜப்பானில். அங்கே அது வழக்கம். மற்றவர்கள் இன்னும் வேலையில் இருக்க, நான் முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் தோளில் மாட்ட வேண்டும். கடல் தாண்டி இங்கே கிளை திறந்தபோது, வாசலில் ஒரு செருப்பு அலமாரி, கூட்டம் நடக்கும் அறையில் தரையோடு தரையாக ஒரு மேசை, இவற்றோடு இந்த வழக்கமும் வந்து இறங்கியது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. விளையாட்டை ஆடி ஆடி அதிலுள்ள பிழைகளைப் பிடிக்கிற ஆள் ஒருவன் உண்டு. பிழைக்கு அலுவலகத்தில் பூச்சி என்று பெயர். அதைப் பிடிப்பவனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பூச்சி வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "முன்னாடி போறேன், மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க, உள்ள தள்ளி நில்லுங்க, மன்னிச்சிருங்க" என்று கண்டக்டர் குரலில் கத்துவான். நாள் போகப் போகச் சிரிப்பு போய்விட்டது. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

அங்கே வேலை பார்த்த அவளும் தினமும் மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போதெல்லாம் ஒருவரை நினைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் ஒரு தடவைகூட யாரிடமும் மன்னிப்புக் கேட்காதவர் அவர். அவளுடைய அண்ணன்.

அண்ணனுக்கு டிரைவிங் ஸ்கூல். கற்றுக்கொடுக்கிற காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் கற்பவர் கையில், பிரேக் அவர் காலடியில். அந்தக் காரைவிட்டு இறங்கிய பிறகும் அவர் கால் அந்தப் பிரேக்கின் மேலேயே இருந்தது. யார் எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும், போகாமல் இருந்தால் என்ன என்பதையெல்லாம் வீட்டில் அவர்தான் முடிவு செய்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இப்ப என்னன்னா..." என்று ஆரம்பித்தால் பிரேக் விழுந்துவிட்டது என்று அர்த்தம். "பதறாத. நான் இருக்கேன்ல" என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தங்கையை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு அவள் எப்போதும் "சின்னது"தான்.

கம்பெனியில் அவளுக்கு வேலை, விளையாட்டில் வருகிறவர்களைப் பேசவைப்பது. ஜப்பானிய மொழியில் எழுதி வருவதை நம் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். வாள் செய்கிற கொல்லன், மருந்து விற்கிற பூனை, காட்டில் வழி தவறிய பிசாசு எல்லாரும் அவள் வாயை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். நன்றாகச் செய்தாள். அதனால் தலைமையகத்தில் சில மாதங்கள் பயிற்சிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அம்மா அப்போது அண்ணன் வீட்டில் இருந்தாள். லேசான மூச்சுத்திணறல், அவ்வளவுதான். "போயிட்டு வா. உன் பொம்மைங்க என்ன பேசுதுன்னு வந்து சொல்லு" என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

அங்கிருந்து தினமும் கூப்பிட்டாள். அம்மாவுக்குத் தனியாகப் போன் கிடையாது. அண்ணனின் சட்டைப்பையில் இருக்கிற போன்தான்.

"அம்மா எங்கண்ணா?"

"தூங்கறாங்க."

"இந்த நேரத்துலயா?"

"இப்ப என்னன்னா, மாத்திரை குடுத்திருக்கு. நல்லாத் தூங்கட்டும். நீ வேலையைப் பாரு. நான் இருக்கேன்ல."

மறுநாளும் அம்மா தூங்கினாள். அதற்கு மறுநாளும். கடைசியாக ஒரு நாள் அண்ணனே கூப்பிட்டார்.

"இப்ப என்னன்னா... பதறாத. அம்மா நேத்துப் போயிட்டாங்க. எல்லாம் முடிஞ்சிருச்சு. மெதுவா டிக்கெட் பாத்து வா."

வந்தபோது அம்மாவின் கட்டில் மடித்துச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். "நீ வந்து என்ன ஆகப்போகுது? அங்க உன் வேலை கெட்டதுதான் மிச்சம். யோசிச்சுத்தான் செஞ்சேன்" என்றார். அறை நிறைய உறவுக்காரர்கள் இருந்தார்கள். பாவம், ஒற்றை ஆளாக நின்று பார்த்துக்கொண்டான் என்று அவரை எல்லோரும் புகழ்ந்தார்கள். அவர் அந்தப் புகழை அடக்கமாக வாங்கிக்கொண்டார்.

அவளும் அதை விழுங்கியிருப்பாள். ஆனால் கொஞ்ச நாள் கழித்து, சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணியிடம், "எப்படியோ, கடைசியில நிம்மதியாத் தூங்கினாங்களே, அது போதும் அண்ணி" என்றாள். அண்ணி குழாயை மூடினாள்.

"தூங்கினாங்களா? யார் சொன்னா? ராப்பகல் கண்ணு மூடல அவங்க. போன் அடிச்சாப் போதும், சின்னதான்னு கேப்பாங்க. இவர் போனை எடுத்துக்கிட்டு வாசப்பக்கம் போயிடுவார்." பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று குழாயை மறுபடி திறந்துவிட்டாள்.

அண்ணனோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை. கேட்டால், யோசித்துத்தான் செய்தேன் என்பார். அழுதால், பதறாதே என்பார். அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வாங்க வேண்டும், நான் செய்தது தப்பு என்று. அதை எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. அவள் சண்டை போடவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

*

அடுத்த விளையாட்டு வந்து சேர்ந்தது. ஒரு சிறுமி. கையில் ஒரு விளக்கு. மலைமேல் நோயாகப் படுத்திருக்கும் ராணியிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் ஒரு ஆறு, ஆற்றின்மேல் ஒரு பாலம், பாலத்தின் நடுவில் ஒரு கொழுத்த தவளை. மூலத்தில் அதற்கு இருந்தது ஒரே வாக்கியம்: பாலம் மூடியிருக்கிறது, பிறகு வா. சிறுமி எத்தனை தடவை வந்தாலும் அதையேதான் சொல்லும். கடைசியில் ஒரு தந்திரம் செய்து அதை ஆற்றில் தள்ளிவிட்டுத்தான் பாலத்தைக் கடக்க முடியும்.

அவள் அந்த வாக்கியத்தை ஒரு முழு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எழுத ஆரம்பித்தாள்.

"க்ர்ம். இப்ப என்னன்னா, பாலம் மூடியாச்சு. பதறாத. நான் இருக்கேன்ல."

"விளக்கா? இங்க குடு. நான் பாத்துக்கறேன். நீ போய் என்ன ஆகப்போகுது?"

"ராணி தூங்கறாங்க. சத்தம் போடாத. யோசிச்சுத்தான் சொல்றேன்."

கை தானாக ஓடியது. அந்த மனிதரை அவள் அறிந்த அளவுக்கு வேறு எவரையும் அறிந்ததில்லை. மூச்சு எங்கே வாங்குவார், எந்த வார்த்தையில் குரலை இறக்குவார், நல்லது செய்கிற முகத்தை எப்போது வைத்துக்கொள்வார், எல்லாம் தெரியும். ஒரு எழுத்தைக்கூட மிகைப்படுத்தவில்லை. மிகைப்படுத்தினால் அவர் தப்பித்துவிடுவார் என்று பட்டது.

பூச்சி அவள் மேசைக்கு வந்தான். "அக்கா, திரையில பேச்சு வர்ற பெட்டிக்கு வெளிய பேசுது உங்க தவளை. மூணு வரிதான் எடம். அது பாட்டுக்கு நாலாவது வரில கால் நீட்டி உக்காந்திருக்கு."

"சுருக்கறேன்."

"வேணாம் வேணாம், பெட்டியைப் பெருசு பண்ணச் சொல்றேன். எங்க ஹவுஸ் ஓனர் இப்படித்தான் பேசுவாரு. தண்ணிக் குழாயை மூடி வெச்சிட்டு, நான் இருக்கேன்லம்பாரு. இந்தத் தவளையைத் தண்ணில தள்ளிப் பாத்தேன். அய்யோ, என்னா சொகம்."

அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. வீடுதோறும் குழந்தைகள் அண்ணனை ஆற்றில் தள்ளுவார்கள். தள்ளிவிட்டு, எழுப்பி, மறுபடி தள்ளுவார்கள்.

ஆனால் தலைமையகத்தில் ஒரு விதி உண்டு. மூலத்தை விட்டு விலகும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல வேண்டும். தவளையின் வரிகளைக் கண்டு கதை எழுதிய அம்மாளே வீடியோவில் வந்தாள். நரைத்த கிராப்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. இங்கே எல்லோரும் அவளைப் பெரியம்மா என்பார்கள், அவள் காதுபட இல்லை. அவளோடு ஜப்பானிய மொழியிலேயே பேசலாம்.

"நான் எழுதியது ஒரு பூட்டு. நீங்கள் அதில் ஒரு ஆளை உட்காரவைத்திருக்கிறீர்கள். யார் இது?" என்றாள் பெரியம்மா.

"எனக்குத் தெரிந்த ஒருவர்."

"நல்லவரா?"

"இல்லை."

பெரியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "சரி. இருக்கட்டும்" என்றாள்.

*

விளையாட்டு வெளியாகி முதல் விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்கு ஒரு பிரதியோடு போனாள். கூடத்தில் டிவி முன்னால் அண்ணன் மகள் கட்டுப்பாட்டுக் கருவியும் கையுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சோபாவில் செய்தித்தாளோடு. அத்தை வந்த உற்சாகத்தில் பெண் மளமளவென்று ஆடி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டாள். தவளை கனைத்தது. பெட்டி விரிந்தது.

பெண் சத்தம் போட்டுப் படித்தாள். இரண்டாவது பெட்டியில் நிறுத்தினாள். "அத்தை!" என்றாள். "அத்தை, இது அப்பா!"

சமையலறை வாசலில் அண்ணி அப்படியே நின்றாள். அண்ணன் செய்தித்தாளை மடித்தார். எழுந்து டிவிக்கு அருகில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார். அவள் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் காத்திருந்தது இந்தப் பிடரிக்காகத்தான். சிவக்க வேண்டும்.

"க்ர்ம்" என்றார் அண்ணன். "அட, நம்மாளு!"

"அப்பா, அப்படியே நீங்க!"

"பின்ன? எவ்வளவு கரெக்டாப் பேசறான் பாரு. ஒரு பொண்ணு தன்னந்தனியா விளக்கைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போறேங்குது. ஒருத்தனாவது தடுக்கணுமா வேணாமா? இந்த ஆட்டத்துல பொறுப்பானவன் இவன் ஒருத்தன்தான்." திரும்பி அவளைப் பார்த்தார். கண்ணில் ஈரம் மாதிரி ஏதோ இருந்தது. "சின்னது, நீயா எழுதினே? என்னை நெனச்சா எழுதினே?"

"ஆமா."

"பாத்தியா?" என்றார் அண்ணியிடம். "எங்க போனாலும் அண்ணன் நெனப்புதான் அதுக்கு."

பெண் தவளையை ஆற்றில் தள்ளியபோது மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "அவனை எதுக்குத் தள்றே? பாவம், நல்லதுதானே சொன்னான்?"

பேருந்தில் திரும்பும்போது அவளுக்குப் பல் வலித்தது. அவ்வளவு நேரம் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஊருக்கே அந்தத் தவளையைப் பிடித்துப்போயிற்று. ஆட்டத்தை வாங்காதவர்கள்கூட, இப்ப என்னன்னா என்று கனைத்துக்கொண்டு பேசினார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு ஆள் இருந்தார் போலும். அவரை நேரில் சகிக்க முடியாதவர்கள் தவளையாகப் பார்த்தபோது கொஞ்சினார்கள். பச்சைத் துணியில் பொம்மை வந்தது. வயிற்றை அமுக்கினால் கனைக்கும். பூச்சி ஒன்று வாங்கி ஹவுஸ் ஓனருக்கே பரிசாகக் கொடுத்து, அந்த மாதம் முழுக்கத் தண்ணீர் தடையில்லாமல் வந்தது என்று சொன்னான். அண்ணன் காரின் பின்கண்ணாடியில் தவளைப் படம் ஒட்டினார். தவளையின் அசல் ஆள் இவர்தான் என்று செய்தி பரவி, டிரைவிங் ஸ்கூலில் கூட்டம் நெரிந்தது. பிரேக்கை மிதித்துவிட்டு, "பதறாத, நான் இருக்கேன்ல" என்று அவர் சொன்னால், கற்க வந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவமானப்படுத்தப் போய் அந்த மனிதருக்கு மாலை போட்டுவிட்டாள். இதற்கும் அவர் நன்றி சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

*

இரண்டாம் பாகம் எழுதப்பட்டது. இந்தத் தடவை எல்லோருக்கும் குரல் உண்டு. தவளையும் உண்டு. எல்லா நாட்டு அலுவலகங்களிலும் இங்கத்திய தவளையைப் படித்துவிட்டு அதையே பின்பற்றினார்கள் என்று பெரியம்மா சொன்னாள். கதைப்படி அந்தச் சிறுமி, இப்போது பெரியவள், மறுபடி பாலத்துக்கு வருகிறாள். ராணி இறந்துவிட்டாள். தவளை அவளிடம் ஒரு வார்த்தை சொல்கிறது. அதன் பிறகு, அந்தப் பெண்ணின் பதில் எழுதியிருக்கும் ஒரு பொத்தானை ஆடுபவர் அழுத்தினால்தான் கதை மேலே போகும்.

எழுத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. தவளை சொல்வதும் இல்லை, பொத்தானில் இருக்க வேண்டிய சொல்லும் இல்லை.

"விட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டாள்.

"விட்டுவைத்தேன்" என்றாள் பெரியம்மா. "மன்னிப்புக் கேட்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். எதற்காக என்பது உங்களுக்குத்தான் தெரியும். மற்ற நாட்டுக்காரர்கள் நீங்கள் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்."

எழுதுவதற்கு நாள் பிடிக்கவில்லை. எல்லாம் தயாராக இருந்தது.

குரலுக்கு ஆள் தேடினார்கள். வந்த நடிகர்கள் எல்லோரும் தவளையை வேடிக்கை பண்ணினார்கள். ஒருவர் கொரகொரவென்று கத்தினார். ஒருவர் வில்லன் சிரிப்புச் சிரித்தார். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவர்கள் தவளையாக நடிக்கிறார்கள். அதற்குத் தான் தவளை என்று தெரியவே கூடாது" என்றாள். பிறகு, "அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா?" என்றாள்.

கம்பெனியின் இன்னொரு விதி அப்போது அவளுக்கு நினைவு வந்தது. கதை வெளியே கசியக் கூடாது என்பதற்காக, குரல் கொடுப்பவருக்கு எழுத்தை முன்கூட்டித் தர மாட்டார்கள். ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திய பிறகுதான், எதிரே திரையில் ஒவ்வொரு வரியாகத் தெரியும். எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்பதை வெளியே உட்கார்ந்திருப்பவர்தான் முடிவு செய்வார். உட்காரப் போவது அவள்.

"இருக்கிறார்" என்றாள். "கூட்டி வருகிறேன்."

*

அண்ணன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அலமாரியில் செருப்பை ஒழுங்காக வைத்தார். பூச்சி அவரோடு படம் எடுத்துக்கொண்டான். "எங்க வீட்டுச் சின்னதுதான் இங்க எல்லாம்னு கேள்விப்பட்டேன்" என்று அவர் அவனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அறை சிறியது. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன், ஒரு மைக், ஒரு திரை. இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், அவள், காதில் ஜப்பானிலிருந்து பெரியம்மா. மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்திப் பேசினால்தான் உள்ளே கேட்கும்.

மளமளவென்று போனது. கடையில் பேரம், மழையில் புலம்பல், மீன்களோடு சண்டை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். ஒலிப்பதிவாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யாருங்க இவர்? பிறவி நடிகர்!"

கடைசி வரி திரையில் வந்தது.

அண்ணன் அதே வேகத்தில் படித்தார். "க்ர்ம். இப்ப என்னன்னா, உன்னை நான் தடுத்திருக்கக் கூடாது. அவங்க தூங்கல. உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க. நான் செஞ்சது தப்பு." ஓடிவந்த பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுபோல நின்றார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். "இன்னொரு தடவை."

இரண்டாவது தடவை 'தூங்கல' என்ற இடத்தில் வேகம் குறைந்தது. திரையையே பார்த்தார்.

"இன்னொரு தடவை."

"இது யார் எழுதினது?"

"ஆட்டத்துல இருக்கிறதுதான். சொல்லுங்க."

"சின்னது..."

"மைக்ல அப்படிக் கூப்பிடக் கூடாது. வரியை மட்டும் சொல்லுங்க."

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போனை வெளியே வாங்கி வைத்திருந்தார்கள். "இப்ப என்னன்னா, இதைக் கொஞ்சம் மாத்தலாமா? தவளை அப்படிச் சொல்லாதுன்னு படுது."

"ஏன்?"

"அது நல்லதுக்குத்தானே செஞ்சுது?"

"அது முதல் பாகம்" என்றாள். "இன்னொரு தடவை."

சொன்னார். இன்னொரு தடவை சொன்னார். கனைப்பு நின்றுவிட்டது. ஒலிப்பதிவாளர் மெதுவாக, "மேடம், ரெண்டாவதே நல்லா இருந்துச்சு" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மேலும் சொல்லவைத்தாள். அம்மா தூங்குவதாக எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ அத்தனை தடவையும் இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் வாய் 'தப்பு' என்ற சொல்லின் மேல் குவிந்து விரிவதைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. பசிக்குச் சாப்பிடுவதுபோல இருந்தது.

பிறகு அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கண்ணாடி வழியாக நேரே அவளைப் பார்த்தார்.

"உன்னைப் பாத்துட்டா போயிடுவாங்கன்னு தோணிச்சு" என்றார். "உனக்காகத்தான் புடிச்சுவெச்சுக்கிட்டிருந்தாங்க. போன் வர்றப்பெல்லாம் கொஞ்சம் நிமிந்து உக்காருவாங்க. நீ பேசிட்டா, நீ வந்துட்டா, அவ்வளவுதான்னு... காத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் இருப்பாங்கன்னு நெனச்சேன். டாக்டர் கிட்டக்கூடச் சொல்லல, சிரிப்பாங்கன்னு. எனக்குப் பயமா இருந்துச்சு."

சுவர்ப் பஞ்சு எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடும். சிவப்புப் பொத்தான் அவள் விரலுக்கு அடியில் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தாதவரை, தான் சொன்னது கேட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அவள் அவரை அப்படியே காத்திருக்கவிட்டாள். அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதை அவள் பார்த்தாள். போன் வாசல் பக்கம் போவதைப் பார்த்தாள். மறுபடி சாய்வதையும். ஒவ்வொரு நாளும்.

"இது ரெக்கார்ட் ஆயிருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர் தணிந்த குரலில். "தனியா வெச்சுக்கவா?"

"எழுதினதுல இல்லாதது வேண்டாம். அழிச்சிடுங்க."

"மேடம்..."

"அழிச்சிடுங்க."

பொத்தானை அழுத்தினாள். "வரி விட்டுப்போச்சு. இன்னொரு தடவை."

அண்ணன் மைக்குக்கு அருகே வந்தார். கனைக்காமல், 'இப்ப என்னன்னா' சொல்லாமல், மற்றதை மட்டும் சொன்னார். 'தப்பு' என்பது கேட்டும் கேட்காமலும் வந்தது.

காதில் பெரியம்மாவின் குரல். "இதுதான். இதை எடுத்துக்கொள்ளுங்கள்." சற்றுப் பொறுத்து, "நடுவில் ஏதோ நிறையச் சொன்னாரே, என்ன?" என்றாள்.

"ஒன்றுமில்லை. வரி மறந்துவிட்டது."



அவள் கீழே இறங்கி வந்தபோது அண்ணன் காரை வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். திறந்திருந்தது கற்றுக்கொள்பவர் உட்காரும் பக்கம். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்ததில்லை. நீ ஓட்டி என்ன ஆகப்போகுது என்று விட்டிருந்தார். பின்கண்ணாடியில் தவளைப் படத்தின் ஒரு மூலை பிய்ந்திருந்தது. அவர்தான் இப்போது பிய்க்கப் பார்த்திருப்பார், வரவில்லை போல.

"உக்காரு" என்றார். "நீயே ஓட்டு. நான் சும்மா பக்கத்துல..." முடிக்கவில்லை. நான் இருக்கேன்ல என்பது வாய்வரை வந்து திரும்பிப் போனது.

அவள் செருப்பின் வாரைச் சரிசெய்தாள்.

"நான் முன்னாடி கிளம்பறேன், மன்னிக்கணும்" என்றாள். அலுவலகத்தில் தினமும் சொல்கிற அதே குரல். அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டாள். நிறுத்தத்திலிருந்து திரும்பிப் பார்த்தபோதும் அந்தக் கதவு திறந்தபடியே இருந்தது.

மறுநாள் காலையில் பூச்சி அவள் மேசைக்கு வந்தான். "அக்கா, தவளை பேசி முடிச்சதும் வர்ற பொத்தான் இன்னும் காலியா இருக்கு. அழுத்தினா வெத்தா இருக்குதுன்னு ஒரு பூச்சி போட்டிருக்கேன். மன்னித்தேன்னு போட்டுடவா? அளவு சரியா இருக்கும்."

"மத்த நாட்டுல என்ன போட்டிருக்காங்க?"

"உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க எழுதறதைத்தான் போடுவாங்களாம்."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அம்மா நிமிர்ந்து உட்காருவது மறுபடி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற முகமும் வந்தது. அதுவும் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. விசைப்பலகையை அருகில் இழுத்து எழுதினாள்.

பூச்சி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"வழியை விடு." உதட்டைப் பிதுக்கினான். "அவ்வளவுதானா அக்கா? பாவம், அது இவ்வளவு தூரம் சொல்லுது."

"அவ்வளவுதான். பெட்டிக்குள்ள அடங்குதா பாரு."

"அடங்குது" என்றான் பூச்சி.